முறைத் தண்ணீர்

வைகாசி மாதத்து வெயில் ஓட்டின்மேல் நின்று காய்ந்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், உத்திரமேரூருக்கு அண்மையில் ஏரிப் பாசனத்தை நம்பி வாழும் எங்கள் சிற்றூரில், கூடத்து மூலையில் அமர்ந்திருந்த என் பேரன், தன் கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றிச் சுவரில் சாத்திவிட்டு, டேபிள் ஃபேனை அதன் வயிற்றுக்கு நேரே திருப்பி வைத்து, திரையில் ஒரு குதிரைவீரனை மழை பெய்யும் காட்டுவழியே செலுத்திக்கொண்டிருந்தான். அந்தக் காட்டின் இலைகள் காற்றில் தனித்தனியே அசைந்தன. குட்டைகளில் தேங்கிய நீரில் வானம் பிரதிபிம்பித்தது. குதிரையின் ஈரமான பிடரியில் மின்னலின் பிரகாசம் ஒருகணம் ஓடி மறைந்தது. ஆயினும் அந்தக் குதிரை நாலடி ஓடுவதும், மூச்சடைத்தாற்போல் நிற்பதும், பிறகு திடுமென்று பத்தடி தள்ளித் தோன்றுவதுமாக இருந்தது. "ஏன்டா இப்படி நின்னு நின்னு போவுது?" என்று கேட்டேன். "கிராஃபிக்ஸ் கார்டு சூடாயிடுச்சு தாத்தா. ரெண்டு ஃபிரேம் ஒழுங்கா வருது, மூணாவது முறை தப்பிடுது" என்றான்.

முறை என்ற சொல்லை அவன் யோசித்துச் சொல்லவில்லை. ஏரிப் பாசனம் நடக்கும் ஊரில் பிறந்த பிள்ளையின் நாவில் அந்தச் சொல் தானாக வந்து விழும். மதகு திறந்து கால்வாயில் வரும் நீர் எல்லார் கழனிக்கும் ஒரே வேளையில் பாய்ந்துவிடாது; இன்னார் கழனிக்கு இவ்வளவு நாழிகை, அதன்பின் அடுத்த கழனி, கடைமடைக்காரனுக்குக் கடைசியில் என்று நீர்க்கட்டி மண்வெட்டியோடு நின்று மடை திறந்து மடை அடைப்பார். தன் முறை வரும் நேரத்தில் வரப்பைச் சீர்செய்து வாய்மடை வெட்டிக் காத்திருப்பவனுக்குத் தண்ணீர் கிடைக்கும். ஒரு நாழிகை பிந்தி வந்தவன், அவனுடைய நிலம் எத்துணை வளமானதாயினும், அடுத்த முறை வரும்வரை வெடித்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இளமையில் இரவெல்லாம் லாந்தர் வெளிச்சத்தில் முறைக்குக் காத்துக் கிடந்தவன் நான். ஆகவே என் பேரன் சொன்னது எனக்கு உவமையாகப் படவில்லை. அந்த யந்திரத்துக்குள் நடப்பதன் நேரான வர்ணனையாகவே பட்டது. அன்று தொடங்கி, அவனிடம் கேட்டும் நூல்களில் தேடியும் நான் அறிந்துகொண்டவை அந்த எண்ணத்தை மேலும் உறுதி செய்தன.

கணினித் திரை பெரும்பாலும் விநாடிக்கு 60 தடவை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அப்படியானால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே உள்ள அவகாசம் 16.67 மில்லிவிநாடி, ஒரு விநாடியை ஆயிரம் கூறாக்கினால் அதில் பதினாறே முக்காலுக்குச் சற்றுக் குறைவு. இந்த அவகாசத்துக்குள், விளையாடுபவனுடைய விரல் எதை அழுத்தியது என்று கேட்டறிய வேண்டும். குதிரையின் கால் எங்கே ஊன்றும் என்று கணிக்க வேண்டும். காட்டை இலட்சக்கணக்கான முக்கோணங்களாக விரித்து, எது எதை மறைக்கிறது என்று பிரித்து, ஒவ்வொரு புள்ளிக்கும் நிறமும் நிழலும் தீட்டி, முழுப் படத்தையும் திரையின் வாசலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். 17 மில்லிவிநாடியில் வேலை முடிந்தாலும் முறை தப்பியதுதான். திரையானது பழைய படத்தையே மீண்டும் ஒருமுறை காட்டிவிட்டு அடுத்த புதுப்பிப்புக்கே புதியதை ஏற்கும். ஒரு மில்லிவிநாடியில் அரைப் பங்குகூட இல்லாத அந்தத் தாமதம் கண்ணுக்கு இருமடங்கு தாமதமாகிவிடுகிறது. அவ்வாறு காத்திருக்க மனமின்றிப் பாதியில் படத்தை மாற்றினால், திரையின் மேற்பாதியில் பழைய கணமும் கீழ்ப்பாதியில் புதிய கணமும் ஒட்டாமல் கிழிந்து நிற்கும். படம் முடியும்வரை திரையே பொறுத்திருக்கும்படியான உபாயத்தை 2013-ஐ ஒட்டித்தான் கண்டு விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதாவது, பிந்தி வந்த உழவனுக்காக நீர்க்கட்டி சற்று நின்று பார்க்கும் ஏற்பாடு.

இந்தப் பங்கீட்டின் பழைய சரித்திரத்தில் என் மனத்தை மிகவும் கவர்ந்த ஓர் அத்தியாயம் உண்டு. 1983-இல் ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற சாதனத்தின் நகல்கள் தொண்ணூறுகளில் நம் ஊர்த் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்குக் கீழே வந்து அமர்ந்தன. கேசட் செருகி விளையாடும் "டிவி கேம்" என்று பிள்ளைகள் அழைத்தது அதைத்தான். அதன் வேலை நினைவகம் 2 கிலோபைட். இந்தக் கட்டுரையின் நீண்ட பத்தி ஒன்றைக்கூட அதில் அடக்க முடியாது. திரையில் ஓடியாடும் உருவத் துண்டுகள் மொத்தம் 64-க்கு மேல் இருத்தலாகாது. அவற்றிலும் கிடைமட்டமான ஒரு கோட்டில் எட்டு மட்டுமே தோன்றும். ஒன்பதாவது வந்தால் அந்த யந்திரம் அதை வரையாமல் விட்டுவிடும். எதிரியின் அம்பு எட்டோடு ஒன்பதாகப் பறந்து வந்தால், கண்ணுக்குப் புலப்படாமலே வந்து உயிரைக் குடிக்கும். இதற்கு அக்காலத்து நிரல் எழுதியவர்கள் கண்ட பரிகாரம் என்னவென்றால், வரிசையை ஒவ்வொரு படத்துக்கும் மாற்றி அடுக்குவது. இந்தப் படத்தில் விடுபட்டது அடுத்த படத்தில் முன்னிடம் பெறும்; முன்னிடம் பெற்றிருந்தது ஒருமுறை விலகிக்கொள்ளும். ஒன்றும் முற்றாக மறையவில்லை. எல்லாம் சிறிது சிறிது மினுங்கின. அந்த மினுக்கத்தைக் குறை என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். எனக்கோ, பற்றாக்குறையை எல்லார் தலையிலும் சமமாக இறக்கிவைத்த ஒரு நியாயமாக அது தோன்றுகிறது.

உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவர் முன் நிற்கும்போதெல்லாம் அந்த மினுக்கம் என் நினைவுக்கு வருவது இயல்பே. முதற் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919-இலும் 921-இலும், சதுர்வேதிமங்கலத்துச் சபையார் செய்துகொண்ட வியவஸ்தைகளை அந்தக் கருங்கல் தாங்கி நிற்கிறது. ஊர் முப்பது குடும்புகளாக, அதாவது பகுதிகளாகப், பிரிக்கப்பட்டது. தகுதி உடையோரின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, உள்ளுறை அறியாத ஒரு பாலனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அவ்வாறு தேர்ந்தவர்களில் பன்னிருவர் சம்வத்சர வாரியத்துக்கும் பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும் அறுவர் ஏரி வாரியத்துக்கும் சென்றார்கள். இவற்றுள் என் கருத்தை ஈர்ப்பது, கடந்த மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவன் பெயரைக் குடத்தில் இடலாகாது என்ற விதி. ஒருமுறை முன்னிடம் பெற்றவன் விலகி நின்று, பெறாதவனுக்கு இடம் விடவேண்டும். முதற் கல்வெட்டில் கண்ட ஏற்பாட்டை இரண்டே ஆண்டுகளில் திருத்தியும் விரித்தும் மற்றொரு கல்வெட்டை எழுதினார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. முறை வகுப்பது ஒருநாளில் முடிகிற காரியமன்று. அந்தக் குடத்தில் விழுந்த பெயர்கள் நிலமும் வேதக் கல்வியும் உடைய சிலருடையவையே என்பதையும், கழனியில் இறங்கி நாற்று நட்டவளுடைய பெயர் அதில் ஒருநாளும் விழவில்லை என்பதையும் மறைத்துவிட்டு அந்தச் சுவரைப் புகழ என் மனம் இடந்தரவில்லை.

இந்த விளையாட்டுலகத்திலும் குடத்தில் பெயர் விழாதவர்கள் நெடுங்காலம் இருந்தார்கள். 2021 பிப்ரவரியில் இந்தியாவில் பிளேஸ்டேஷன் 5 என்ற விளையாட்டுச் சாதனம் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 49,990 ரூபாய். எங்கள் பக்கத்தில் கூலிக்கு நாற்று நடும் ஒரு குடும்பம் அந்தத் தொகையைச் சேர்ந்தாற்போல் காண்பது அரிது. எங்கள் தெருவின் பிள்ளைகள் பலர் முதன்முதலில் ஒரு கணினியைத் தமது என்று மடியில் வைத்துக்கொண்டது, 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிய பிறகுதான். தனியாகக் கிராஃபிக்ஸ் கார்டு ஏதும் இல்லாத அந்தப் பெட்டியில், 2002-இல் வெளிவந்த வைஸ் சிட்டி என்ற பழைய ஆட்டத்தை அவர்கள் செட்டிங்ஸ் அனைத்தையும் கீழே இறக்கி வைத்து ஓட்டினார்கள். எதைக் குறைத்தால் எது பிழைக்கும் என்ற ஞானத்தை அந்தப் பிள்ளைகள் அங்கேதான் பயின்றார்கள். அது பெரிய ஞானம் என்பதை நான் முழு மனத்தோடு சொல்கிறேன்.

கன்சோலுக்கும் கணினிக்கும் உள்ள பேதத்தை எங்கள் ஊர் மொழியில் சொல்வதானால், முன்னது ஏரி, பின்னது ஆழ்துளைக் கிணறு. கன்சோல் என்பது இலட்சக்கணக்கான வீடுகளில் ஒரே அச்சாக இருக்கிற சாதனம். அதன் கொள்ளளவு பிறந்த நாளில் எவ்வளவோ, ஏறக்குறைய ஏழாண்டு கழித்தும் அவ்வளவே. பிளேஸ்டேஷன் 5-இன் சித்திரம் தீட்டும் பகுதி விநாடிக்கு 10.28 இலட்சங்கோடி கணக்குகளைச் செய்யவல்லது என்று அளந்து சொல்லிவிட்டார்கள். அந்த அளவு பிறகு ஏறுவதில்லை. ஆகவே ஆட்டம் இயற்றுகிறவன் ஒவ்வொரு மதகின் ஆழத்தையும் அறிந்த நீர்க்கட்டியைப் போல, ஆண்டுக்காண்டு கைதேர்ந்து, அதே நீரில் கூடுதல் கழனியை நனைக்கிறான். அதன் வடிவமைப்பாளர் மார்க் செர்னி 2020 மார்ச்சில் அளித்த விளக்கத்தில் வெளியான ஒரு செய்தி எனக்கு மிகவும் பிரியமானது: அந்த யந்திரத்துக்கு மின்சக்தியில் ஒரு வரம்பு விதித்திருக்கிறார்கள், கணக்குச் செய்யும் பகுதி தன் பங்கைச் செலவிடாமல் மீதம் வைத்தால், அந்த மீதம் சித்திரம் தீட்டும் பகுதிக்குச் சென்றுவிடும். மேல்மடைக்காரன் போதும் என்று அடைத்தவுடன் கீழ்மடைக்குப் பாயும் நீர் அது.

கணினி அப்படியன்று. ஒவ்வொருவனும் தன் வசதிக்கேற்ப ஆழம் போடுகிறான். ஒருவன் ஆழப்படுத்தினால் பக்கத்து நிலத்தான் கிணறு பழசாகிவிடுகிறது. இயற்றுகிறவன் மிக ஆழமான கிணற்றைக் கண்ணில் வைத்தே பயிரிடத் தொடங்குகிறான். 2025 ஜனவரியில் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 5090 என்ற கார்டுக்கு மட்டும் 575 வாட் மின்சாரம் வேண்டும். எங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டிக்கு நீர் ஏற்றும் மோட்டாரின் கணக்கில் சொன்னால், இந்த மின்சாரம் முக்கால் குதிரைத்திறனுக்கும் சற்று மேல். வைகாசியில் மாலை வேளையில் ஊர் முழுதும் மோட்டார் போட்டு மின்னழுத்தம் தாழ்ந்து, ஸ்டெபிலைசர் முனகத் தொடங்கும் வீட்டில், அத்தகைய கார்டு இருந்தும் அதற்கு உண்ணக் கொடுக்க வழியில்லை. சூடு ஏறினால் கார்டு தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காஞ்சிபுரத்து வெயிலில் இயங்கும் கணினியும் குளிர்நாட்டு அறையில் இயங்கும் கணினியும் பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணால் ஒன்றாயினும், உழைப்பால் வேறு வேறு.

இருந்தும், ஆழம் போடுவதை முற்றிலும் பழிப்பவன் அல்லேன். ஒளி என்பதை மெய்யாகவே பின்தொடர்ந்து சென்று தீட்டும் ஆசை மனிதனுக்கு எழுந்தது உத்தமமான காரியம். 1980-இல் டர்னர் விட்டெட் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், கண்ணாடிக் கோளத்தின் ஒளிவிலகலும் பிரதிபிம்பமும் கூடிய ஒரே ஒரு படத்தைத் தீட்ட அக்காலத்துக் கணினிக்கு 74 நிமிஷம் பிடித்தது. அதன் யுக்தியானது, விளக்கிலிருந்து புறப்படும் எண்ணிறந்த கதிர்களைத் துரத்தாமல், பார்ப்பவனுடைய கண்ணிலிருந்து ஒரு கதிரைப் புறப்படவைத்து, அது எப்பொருளைத் தொடுகிறது, அங்கிருந்து எங்கே திரும்புகிறது என்று பின்னோக்கித் தேடுவது. நம் நியாய தரிசனத்தார் கண்ணை ஒரு தேஜஸ் என்று கொண்டு, அதன் கதிர் வெளியே சென்று பொருளைத் தீண்டுவதாலேயே காட்சி உண்டாகிறது என்று வாதித்தார்கள். பௌதிக சாஸ்திரம் அக்கொள்கையைத் தள்ளிவிட்டது. ஆனால் கண்ணில் படாத ஒளியைக் கணக்கிட்டு உழைப்பை வீணாக்கலாகாது என்ற சிக்கனம், தள்ளப்பட்ட அந்தத் திசையிலேயே கதிரைச் செலுத்திவைத்தது. 2018 முதல் வீட்டுக் கணினியின் கார்டுகளும் அந்தக் கதிர்களை விளையாட்டின் வேகத்தோடு செலுத்தத் தொடங்கியிருக்கின்றன. இவ்வளவையும் எண்ணும்போது என் பேரனுடைய குட்டையில் தெரிந்த வானத்தை அற்பமென்று தள்ள எனக்குத் துணிவு வரவில்லை.

விட்டெட்டின் கட்டுரைக்குச் சற்று முன்னால், நம் மண்ணிலேயே கணினிச் சித்திரத்துக்கு ஓர் அடிக்கல் இடப்பட்டதை இவ்விடத்தில் சொல்லாமல் செல்வது முறையாகாது. தாம்பரத்துக் கிறிஸ்தவக் கல்லூரியில் புள்ளியியல் போதித்த கிஃப்ட் சிரோமணி, அவருடைய மனைவியாரும் கணிதப் பேராசிரியருமான ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974-இல் ஒரு சர்வதேசக் கணினிச் சித்திர ஏட்டில், கோலத்தை இலக்கண விதிகளால் பிறப்பிப்பது பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். வாசலில் புள்ளி வைத்துக் கம்பி இழுக்கும் நம் வீட்டுப் பெண்கள் ஒரு சிறிய வடிவைச் சில விதிகளால் பெருக்கிப் பெருங்கோலமாக்குவதைக் கண்டு, அந்த விதிகளை வாக்கியத்துக்கு இலக்கணம் வகுப்பதுபோல் வகுத்தார்கள். ஒரு பிடி மாவில் வாசலை நிறைக்கத் தெரிந்த அந்தக் கையின் சாமர்த்தியம், கொஞ்சம் நினைவகத்தில் ஒரு காட்டைப் படைக்க விரும்பியவர்களுக்கு வேண்டிய சாமர்த்தியமே. முழுக் காட்டையும் சேமித்து வைக்க இடமில்லாதவன், காட்டைப் பிறப்பிக்கும் விதியைச் சேமித்து வைக்கிறான்.

வறுமை ரஸமாக மாறுவதையும் இந்தக் கலையில் கண்டிருக்கிறேன். 1999-இல் முதல் பிளேஸ்டேஷனுக்கு வெளிவந்த சைலண்ட் ஹில் என்ற ஆட்டத்தில் ஊரெங்கும் மூடுபனி கவிந்திருக்கும். அந்தச் சாதனத்தால் தொலைவில் இருப்பதை வரைய இயலாது. ஆகையால் தொலைவையே பனியால் மூடினார்கள். விளைந்தது பயம், பத்தடிக்கு அப்பால் என்ன நிற்கிறதோ என்ற, குழந்தைப்பருவத்து ஆதி பயம். மார்கழி விடியலில் ஏரிக்கரைமேல் நடந்திருப்பவர்களுக்கு அந்த அனுபவம் தெரியும்: பனைமரம் ஒவ்வொன்றும் நாம் நெருங்கும்போதுதான் உண்டாகிறது, நாம் கடந்ததும் இல்லாமல் போகிறது. வலிமை மிக்க கார்டு ஒன்றைக் கொடுத்து அந்தப் பனியை விலக்கினால் ஊர் தெளிவாகத் தெரியும், பயம் போய்விடும்.

அண்மைக்காலத்து யுக்தி ஒன்றைப் பற்றி மட்டும் எனக்கு மனக்குறை உண்டு. 2022 முதல் சில கார்டுகள், தாம் மெய்யாகத் தீட்டிய இரண்டு படங்களுக்கு நடுவே, இப்படித்தான் இருந்திருக்கும் என்று அனுமானித்து ஒரு படத்தைத் தாமே செய்து செருகுகின்றன. எண்ணிக்கை இருமடங்காகிறது, கண்ணுக்கு ஓட்டம் வழுவழுப்பாகிறது. ஆனால் அனுமானித்த அந்தப் படத்தில் விளையாடுபவனுடைய விரல் இல்லை. அவன் அழுத்தியது அடுத்த மெய்ப்படத்திலேதான் பிரத்தியட்சமாகும். கால்வாயில் நீர் ஓடும் ஓசை பெருகியும் கழனி நனையாதது போன்ற நிலை அது. நிழலுக்கும் பிரதிபிம்பத்துக்கும் பிரமையை ஏற்றுக்கொள்ளலாம். என் கை அசைந்தது, உலகம் அதற்கு மறுமொழி சொன்னது என்ற சம்பந்தத்தில் பிரமை புகுவதை நான் விரும்பவில்லை. அந்தச் சம்பந்தத்துக்காகவே மனிதர்கள் விளையாடுகிறார்கள்.

கனடா தேசத்தின் டொரன்டோவிலிருந்து, விசை கேம்ஸ் என்ற சிறு நிறுவனத்தார் 2023-இல் வெளியிட்ட "வெண்பா" என்னும் ஆட்டத்தை என் பேரன் எனக்குக் காட்டினான். எண்பதுகளில் அத்தேசத்துக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. தாயார் தந்த சமையற்குறிப்பு கிழிந்தும் மங்கியும் போயிருக்க, விடுபட்டதை ஊகித்து இட்லி முதலியவற்றைச் சமைப்பதே ஆட்டம். 2024-இல் பிரிட்டிஷ் திரைப்படத் தொலைக்காட்சிக் கலைக்கழகம் முதற் படைப்புக்கான விருதை அதற்கு அளித்தது. கையால் தீட்டியது போன்ற தட்டையான சித்திரங்கள். கதிரைத் துரத்தும் வேலை அங்கே இல்லை. எந்த எளிய கணினியிலும் தடையின்றி ஓடுகிறது. அன்று கூடத்துக் கணினி சிறிதும் சூடாகவில்லை. இட்லிப் பானையில் ஆவி எழுந்தபோது, என் மனைவி அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு வந்து நின்று பார்த்தாள்.

குதிரைவீரன் காட்டில் தடுமாறிய பிற்பகலுக்குத் திரும்புகிறேன். என் பேரன் ஆட்டத்தை நிறுத்தி, நீண்ட பட்டியல் ஒன்றைத் திறந்தான். அதில் நிழலுக்கு ஒரு வரி, புல்லுக்கு ஒரு வரி, நீருக்கு ஒரு வரி, தொலைவுக்கு ஒரு வரி இருந்தன. ஒவ்வொன்றும் அந்தப் பதினாறே முக்காலில் பங்கு கேட்டு நிற்கும் ஒரு கழனி. முதலில் நிழலைக் குறைத்தான். பிறகு பிரதிபிம்பத்தை அறவே நீக்கினான். புல்லில் கை வைக்கும்போது சற்றுத் தயங்கி, அதை நடுவில் நிறுத்தினான். இலைகளை அப்படியே விட்டுவிட்டான். "இலை ஆடலைன்னா காத்து இருக்கறதே தெரியாது தாத்தா" என்றான். அவனுடைய அந்த நிர்ணயத்தில் நான் ஒன்றும் குறுக்கிடவில்லை.

மீண்டும் ஆட்டம் தொடங்கியது. வானம் தெரியாத மங்கிய குட்டைகளை மிதித்துக்கொண்டு, ஒரு முறையும் தப்பாமல், குதிரை ஒரே சீராக ஓடிற்று. காட்டைத் தாண்டி, ஆழமறியாத சாம்பல்நிற ஆறு ஒன்றில் இறங்கி, அக்கரை ஏறியது. பேரன் தோளில் கிடந்த துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, ஃபேனை என் பக்கம் கொஞ்சம் திருப்பிவிட்டு, "இந்தா தாத்தா, நீ கொஞ்ச தூரம் ஓட்டு" என்று கண்ட்ரோலரை என்னிடம் நீட்டினான்.